ஏழு தகப்பன்மார்

ஒன்பதாம் அத்தியாயம்

"சனிக்கிழமை வர்றோம்" என்று தாபில்தி சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஒற்றை ஆளாய் "வர்றேன்" என்று சொல்லியிருந்தால் வம்பே இல்லை. வர்றோமாம்! அனாதை விடுதியில் வளர்ந்தவனோடு கூட வர யார் இருக்கிறார்கள்? அட்-பாஷியில் எங்கள் தெரு முழுக்க அந்த வாரம் இதே பேச்சுதான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. என் பக்கத்து வீட்டு ஜும்கலுக்கும் சாய்ரகானுக்கும் ஒரே மகள் புருல். கால்நடை மருத்துவ நிலையத்தில் ஊசி போடுகிறவள். அந்த நிலையத்தின் தகரக் கூரையை வெல்டிங் வைத்துப் பற்றவைக்க வந்தவன் தாபில்தி. பச்சைக் குழந்தையாக ஒரு பேருந்து நிலையத்துப் பெஞ்சில் கிடந்தானாம். 'கிடைத்தவன்' என்று பொருள்படும் பெயரை விடுதிக்காரர்கள் வைத்துவிட்டார்கள். அவனைக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் நாங்கள் அந்தப் பெஞ்சையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறோம்.

கூரை வேலை முடிந்தது, காதல் முடியவில்லை. ஜும்கலின் அண்ணன் பெக்தென், ஆட்டு வியாபாரி, தெருக்கோடி மேட்டு வீட்டுக்காரர், ஒரு நிபந்தனை போட்டார். "முறைப்படி சொந்தபந்தத்தோட வந்து பொண்ணு கேக்கட்டும்." ஆளில்லாதவன் வரமாட்டான், கதை அதோடு முடியும் என்பது அவர் எண்ணம்.

சனிக்கிழமை விடியும்போதே சாய்ரகான் வீட்டில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துவிட்டது. மாவுத் துண்டுகள் பொன்னிறமாகப் பொங்கிப் பொங்கி எழுந்தன. நான் வெங்காயம் நறுக்கப் போயிருந்தேன். வெங்காயம் ஒரு சாக்கு. வேடிக்கை பார்க்காமல் என்னால் வீட்டில் இருக்க முடியுமா?

"அம்மா, அவன் தனியா வந்து நின்னா என்ன பண்றது?" என்று நூறாவது தடவையாகக் கேட்டாள் புருல்.

"தனியா வந்தாலும் டீ குடுப்போம்."

"பெரியப்பா?"

"மேட்டு வீட்டுக்காரருக்கும் டீதான். நீ சட்டியைப் பாரு, கருகுது."

கணவனுக்கு மூத்தவர்கள் பெயரை மருமகள் நாக்கில் வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பெக்தென் என்றைக்கும் சாய்ரகானுக்கு 'மேட்டு வீட்டுக்காரர்'. பதிலுக்கு அவர் அவளை "ஏ அடுப்படி" என்று கூப்பிடுவார். மரியாதை எங்கள் தெருவில் ஒருவழிப் பாதை.

பந்தி விரித்தாயிற்று. ஆறேழு வெள்ளைத்தாடிப் பெரியவர்கள் வந்து, கதவுக்கு எதிரே உள்ள மேலிடத்தில் உட்கார்ந்தார்கள். நடுநாயகமாகப் பெக்தென். ஜும்கல் கைகளைப் பிசைந்துகொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். அண்ணன் முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான். ஐம்பது தாண்டியும் தம்பியாகவே இருக்கிறார்.

அப்போது தெருமுனையில் ஹார்ன் சத்தம். சாதாரணச் சத்தமா அது! ஊரை எழுப்புகிற சத்தம்.

"வந்துட்டாங்க! அம்மா, வந்துட்டாங்க! வேன்ல வர்றாங்க!" புருல் மாவுக் கையோடு சன்னலுக்குப் பாய்ந்தாள்.

வெள்ளை வேன் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. கதவு திறந்தது. ஒருத்தர் இறங்கினார், இன்னொருத்தர், இன்னொருத்தர், வேனுக்குள் சுரங்கம் இருக்கிறதோ என்று தோன்றும் அளவுக்கு இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கை எட்டாத கோட்டு ஒருத்தனுக்கு, தோள் தொங்கும் கோட்டு இன்னொருத்தனுக்கு, ராணுவ உடுப்பில் ஒருத்தன், மருத்துவமனைத் தாதிகள் இரண்டு பேர். எல்லாருக்கும் புதுசாக வெட்டிய முடி. கடைசியாகச் சிவப்பு நாடா கட்டிய ஒரு கிடா. அதற்கும் பின்னால் தாபில்தி, காது வரை சிவந்து.

எல்லாரும் அதே விடுதியில் வளர்ந்தவர்கள். பற்றவைப்பவன், ரொட்டி சுடுகிறவன், கல் வைத்துக் கட்டுகிறவன் என்று நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தவர்கள். இவனுக்குப் பெண் கேட்க ஒரு வாரத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். என் கண்ணில் வெங்காயம் இல்லாமலே தண்ணீர் வந்தது.

தங்கப் பல் மின்ன ஒரு தாட்டியான பெண் முன்னால் வந்து சாய்ரகானைக் கட்டிக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா! நான் ஜிபார். பிஷ்கேக்ல பஸ் ஓட்டறேன். மாப்பிள்ளையோட அம்மா நான்தான்."

"அம்மாவா? உனக்கு என்ன வயசு கண்ணு?"

"இவனை விட நாலு வயசு பெரியவ. கணக்கு மட்டும் பார்க்காதீங்க, உதைக்கும். ஆனா இவனுக்கு மூக்கு சிந்திவிட்டது, செருப்பு மாட்டிவிட்டது, கெட்ட வார்த்தை பேசினப்ப வாயில சோப்புப் போட்டது எல்லாம் நான்தான். வேற அம்மா என்ன செய்வா?"

சாய்ரகான் சிரித்த சிரிப்பில் தெருவே சிரித்தது. பெக்தெனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை தலை இறங்கியிருக்கு? மேய்ப்பன் யாரு?"

அவர் கிடாவின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட! இது என் மந்தைக் கிடாய்யா! காதுல என் வெட்டு இருக்கு பாருங்க. போன சந்தையில என் ஆளு வித்தது." ஊர் கேட்கச் சிரித்தார். "ஆட்டுக்குக்கூடக் காதைப் பார்த்தா எந்த வீட்டுதுன்னு தெரியுது. இவன் காதுல என்னடா இருக்கு?"

தாபில்தியின் கை தானாகக் காதுக்குப் போய், பாதியில் இறங்கியது. எனக்குப் பெக்தெனின் காதைப் பிடித்துத் திருப்பலாம் போல இருந்தது.

உள்ளே பந்தியில் உட்கார்ந்தார்கள். ரொட்டி, வெண்ணெய், பழ ஜாம், பொரித்த மாவு, குதிரைப் பால், எல்லாம் முன்னால் இருந்தது. வேனில் வந்தவர்கள் ஒருத்தரும் தொடவில்லை. உயர வரிசையில் உட்கார்ந்து, கையை முட்டியில் வைத்து, நேரே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. யாராவது 'சாப்பிடுங்கள்' என்று உத்தரவு தரக் காத்திருக்கிறார்கள். வளர்ந்து ஆளாகியும் அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை.

"மணி அடிச்சாத்தான் மேயுமோ இந்த மந்தை?" என்றார் பெக்தென்.

ராணுவ உடுப்புப் பையன் முகம் இறுகியது. ஜிபார் அவன் முட்டியில் கை வைத்து அமுக்கினாள். "சாப்பிடுங்க புள்ளைங்களா, நம்ம வீடு" என்று சாய்ரகான் ஓடி வந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து எல்லார் கையிலும் கொடுத்தாள்.

ஒரு கிண்ணம் குதிரைப் பால் உள்ளே போனதும் பெக்தென் தொண்டையைச் செருமினார்.

"சரி. பொண்ணு கேக்க வந்த வீட்டுல முதல் கேள்வி எது? நான் சொல்லிக் காட்டறேன். என் அப்பன் மாம்பெத்தலி. அவன் அப்பன் பொரோன்பை. அவன் அப்பன் தோகோய்..." ஏழு தகப்பன் பெயரையும் மலையிலிருந்து பாறை உருட்டுவது போலச் சொல்லி முடித்தார். "மாப்பிள்ளை, இப்ப உன் முறை."

"தெரியாதுங்க" என்றான் தாபில்தி.

"ஏழு தெரியாதா, சரி. மூணு?"

"தெரியாதுங்க."

"ஒண்ணு? பெத்தவன் பேரு?"

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா உங்களுக்கு முன்னாடி நானே போய் அவரைக் கேட்டிருப்பேன்."

ஒரு வெள்ளைத்தாடி பெருமூச்சு விட்டார். பெக்தென் விடவில்லை.

"ஏழு தகப்பனை அறியாதவன் அடிமை. நான் சொல்லல, பெரியவங்க சொன்னது. அது போகட்டும், ஏழு தலைமுறைக்குள்ள ஒரே ரத்தம்னா பையனும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி. கட்டிக்கவே கூடாது. இவன் யார் ரத்தம்னு யாருக்குத் தெரியும்? அடிமைக்குப் பொண்ணு குடுத்தா நாளைக்கு நம்ம வீட்டுப் பேரப்புள்ளைங்களையும் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்ப்பானுங்க."

பெரியவர்கள் சொன்னது என்று ஆரம்பித்தால் யாரையும் எதனாலும் அடிக்கலாம், கை நோகாது. இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கறித் தட்டு வந்தது. எங்கள் பந்தியில் எலும்புக்கு வாய் உண்டு என்பது தெரிந்ததுதான். இடுப்பெலும்பு மூத்தவருக்கு, வால் பக்கம் மூத்த பெண்மணிக்கு, நெஞ்செலும்பு மருமகனுக்கு. நெஞ்செலும்பு ஒருவன் முன்னால் வந்துவிட்டால் அவனுக்குப் பெண் கொடுத்ததாகவே அர்த்தம். சாய்ரகான் அதை நல்ல கொழுப்போடு தாபில்தியின் தட்டில் வைத்து அனுப்பியிருந்தாள்.

பெக்தென் கையை நீட்டி அதை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். குழம்புப் பாத்திரத்துக்குள் கையை விட்டு, கழுத்தெலும்பைத் தேடி எடுத்து, சத்தம் வர அவன் தட்டில் போட்டார். "ஆடு மேய்க்கிற கூலிக்காரனுக்குக் கழுத்து."

அடுக்களைத் திரைக்குப் பின்னால் புருல் என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துவிட்டன. இப்போது எழுந்து போய்விடுவான் என்று நினைத்தோம். போனால் எல்லாம் முடிந்தது. முறை தெரியாமல் பந்தியை விட்டு ஓடினான் என்று பெக்தென் சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்.

தாபில்தி எழுந்திருக்கவில்லை. கழுத்தெலும்பை எடுத்து ஒரு வாய் கடித்தான். மென்றான். பக்கத்திலிருந்த ஜிபாரிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் கடித்து ராணுவப் பையனிடம் கொடுத்தாள். அவன் அடுத்தவனுக்கு. விடுதியில் யாருக்காவது ஒரு துண்டு கறி கிடைத்தால் அது இப்படித்தான் சுற்றி வருமாம், ஜிபார் அப்புறம் சொன்னாள். கடைசியில் அது வெள்ளையாக, துடைத்துவைத்த மாதிரி அவன் தட்டுக்கே திரும்பி வந்தது.

"உப்பு சரியா இருக்கு அத்தை" என்றான் அடுக்களைப் பக்கம் திரும்பி.

வெள்ளைத்தாடிகளில் ஒருவர் "சபாஷ்" என்று முணுமுணுத்தார். அதைப் பெக்தெனால் தாங்க முடியவில்லை.

"என்னய்யா சபாஷ்? எலும்பு போட்டா நாய்கூட ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். இந்த நாய்க்கூட்டத்துக்கு அந்தச் சுரணைகூட இல்லையே!"

"பெக்தென்!"

சத்தம் எங்கிருந்து வந்தது என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. டீ பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தியின் நடுவில் சாய்ரகான் நின்றிருந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு மருமகள் மூத்தாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டதே இல்லை. என் அம்மாவும் கேட்டிருக்க மாட்டாள்.

"பெக்தென்" என்றாள் மறுபடியும், இந்தத் தடவை நிதானமாக. "உங்க பேருதான் அது. எனக்கும் ஒரு பேரு இருக்கு. முக்காடு போட்டு இந்த வீட்டுக்குள்ள வந்த நாளா ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கீங்களா? அடுப்படின்னீங்க, ஏய்ன்னீங்க. வீடு ரெண்டாகக் கூடாதேன்னு பொறுத்துக்கிட்டேன். ஆனா என் கையால சாப்பாடு வாங்கினவங்களை நாய்ன்னா, அந்தச் சாப்பாட்டைப் போட்ட நான் யாரு? சொல்லுங்க."

பெக்தெனின் முகம் கறுத்தது, சிவந்தது, மறுபடி கறுத்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். எழுந்தார். தம்பியைப் பார்த்தார்.

"உன் பொண்டாட்டி நாக்கு நீண்டுபோச்சு ஜும்கல். இப்பவே என்கூடக் கிளம்பு. இல்லேன்னா இந்தக் குளிருக்கு உன் ஆடுங்க என் கொட்டில்ல இல்ல. அண்ணன்னு ஒருத்தன் இருந்தான்னும் மறந்துடு."

ஜும்கல் மனைவியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பின்னால் வெளியே போனார். சாய்ரகான் டீ பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தாள்.

சன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. ஜும்கல் கட்டுத்தறியிலிருந்து அண்ணனின் குதிரையை அவிழ்த்தார். எப்போதும் போலக் குனிந்து, அண்ணன் கால் வைத்து ஏற அங்கவடியைப் பிடித்துக்கொண்டார்.

திரை விலகியது. புருல் வேகமாக வெளியே வந்து ஜிபார் முன்னால் மண்டியிட்டாள்.

"ஜிபாரக்கா, தோடு கொண்டாந்தியா?"

"பையில இருக்குடி. எல்லாரும் சேர்ந்து வாங்கினது. வெள்ளி."

"போடு."

"உங்கப்பா வரட்டுமே கண்ணு, முறைன்னு ஒண்ணு..."

"அப்பா வந்தா பெரியப்பா சொன்னதைத்தான் சொல்லுவாரு. வர்றதுக்குள்ள போடுக்கா! தோடு ஏறிட்டா அப்புறம் யாரும் கழட்ட முடியாது. சீக்கிரம்!"

மாப்பிள்ளையின் தாய் பெண்ணுக்குத் தோடு போட்டுவிட்டால் நிச்சயம் ஆயிற்று. ஜிபார் பையைக் கவிழ்த்தாள். சீப்பு விழுந்தது, மாத்திரை விழுந்தது, சாவிக்கொத்து விழுந்தது, கடைசியில் ஒரு சின்ன டப்பா. பேருந்தைச் சந்துக்குள் திருப்புகிற கைகள், தோட்டின் கொக்கியைப் பிடிக்க முடியாமல் தடுமாறின. "தலையை ஆட்டாதே!" "நான் எங்க ஆட்டறேன், உன் கைதான் ஆடுது!" வலது காதில் ஏறியது. தாதிப் பெண்கள் கைதட்டினார்கள். தாபில்தி அவளைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதவு படாரென்று திறந்தது.

ஜும்கல். தொப்பி இல்லை. மூச்சு வாங்குகிறது. அண்ணனின் ஒரு கால் அங்கவடியில் இருக்கும்போதே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்! அந்த மனுஷன் பிறந்ததிலிருந்து அண்ணன் வேலையைப் பாதியில் விட்டவரில்லை. நேராகப் பந்திக்கு வந்து ஒரு முழு ரொட்டியை இரண்டு கையாலும் தூக்கினார்.

"பெரியவங்களே, கேளுங்க! எங்கண்ணன் சொல்ற குறை ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பையனுக்கு ஏழு தகப்பன் இல்லைங்கறது. சரிதானே?"

"சரிதான்" என்றார்கள்.

"இனிமே இருக்கு! தாபில்தியோட அப்பன் ஜும்கல். ஜும்கலோட அப்பன் மாம்பெத்தலி. அவன் அப்பன் பொரோன்பை. அவன் அப்பன் தோகோய்..." குரல் உடைந்தது. கண்ணீர் தாடியில் வழிந்தது. ஏழும் வந்து முடிந்தது. "என் ஏழு தகப்பனும் இவனுக்கும் தகப்பன். இவன் என் மகன். இந்த ரொட்டி சாட்சி. இனிமே இவனை எவனாவது அடிமைன்னு சொன்னா என்னைச் சொன்ன மாதிரி!"

அப்பப்பா, என்ன ஆரவாரம்! வேன் கூட்டம் எழுந்து குதித்தது. ராணுவப் பையன் சின்னக் குழந்தை மாதிரி அழுதான். தாபில்தி ஜும்கலின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெள்ளைத்தாடிகள் உணர்ச்சிவசப்பட்டுப் போய் இரண்டு உள்ளங்கையையும் விரித்தார்கள். "ஓமின்! அப்படியே ஆகட்டும்!" என்று முகத்தை வழித்துக்கொண்டார்கள். வீடு முழுக்க "ஓமின்!" ரொட்டியைப் பிடித்துச் சொல்லி, பெரியவர்கள் ஓமின் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லை எங்கள் ஊரில் திருப்பி எடுக்க ஆளில்லை.

சாய்ரகான் மட்டும் கையை விரிக்கவில்லை. கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம் அவள் முகத்தில் ஏறிவந்த வேகத்திலேயே இறங்கியது.

"என்னங்க" என்றாள் மெல்ல. "என்ன சொல்லிட்டீங்க?"

சன்னலில் நிழல் விழுந்தது. குதிரை மேல் இருந்தபடியே பெக்தென் உள்ளே குனிந்து பார்த்தார். கோபத்தின் சுவடே இல்லை. வாய் நிறையச் சிரிப்பு.

"ஓமின், ஓமின்! நல்ல காரியம் பண்ணினே, தம்பி. நான் தேடியிருந்தாலும் இப்படி ஒரு வழி கிடைச்சிருக்காது. வாரிசு வந்துட்டான். ஒரே அப்பன், ஒரே ஏழு பாட்டன். சரி, இப்ப அவன் தங்கச்சிக்கு எந்த ஊர்ல மாப்பிள்ளை தேடப் போற?"

ஜிபார் இடது காதுத் தோட்டைப் பிடித்தபடியே நின்றாள். ஜும்கல் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் பெற்ற மகனைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் புருல், "போடு, போடுன்னு அக்காவை அவசரப்படுத்தினதுக்குப் பதிலா, ஒரு நிமிஷம் உங்க வாயைப் பொத்தியிருக்கலாம் நான்."